ஆளுக்கு இரண்டு சங்கிலி

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்து வரவேற்பு மேஜையில் பன்னீர்ச்செம்பு ஒன்று இருந்தது. பார்த்தால் பழையதுபோல் தெரிந்தது. அடிப்பாகத்தைப் பார்த்தால் வயது தெரிந்துவிடுமே என்று எடுத்துக் கவிழ்த்தேன். உள்ளே பன்னீர் இருக்கும் என்கிற சின்ன விஷயம் அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை. பெண்ணின் சித்தி பட்டுப்புடவையோடு எதிரே நின்றார். அப்புறம் நடந்ததை விடுங்கள். செம்பும் புதுசுதான். பழசாகக் காட்டப் பச்சைச் சாயம் பூசியிருந்தார்கள்.

எதைக் கண்டாலும் கவிழ்த்துப் பார்க்கிற இந்தப் புத்தி தொண்ணூறுகளில் திருநெல்வேலி ஜங்ஷனில் எனக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு ஏலக்கடையில் வேலை பார்த்தேன். விற்பனைக்கு வருகிற பழைய விளக்கு, செம்பு, வெற்றிலைப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். என்ன பொருள், எந்தக் காலத்தது, எந்த நிலையில் இருக்கிறது, எந்த விலையில் ஏலத்தைத் தொடங்கலாம், இவ்வளவும் அதில் இருக்கவேண்டும். நான் படித்தது வரலாறு. வெண்கலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டினால் நன்றாகச் சத்தம் வரும் என்பதுதான். கடைக்காரர் அண்ணாச்சி அதுவே போதும் என்று சேர்த்துக்கொண்டார். ஒரு வருஷத்தில் தயிர்சாதத்தைக் கையில் எடுத்தாலும் பித்தளை வாசம் அடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

அந்த வேலையில் எனக்கு ஒரே எதிரி புளி. பல வருஷம் எண்ணெயும் கையும் புகையும் பட்டு வெண்கலத்தில் ஒரு கறுப்பு ஏறும். வாங்குகிறவர்கள் அதற்குத்தான் விலை கொடுப்பார்கள். நம் ஆட்களோ ஏலத்துக்குக் கொண்டுவருவதற்கு முதல்நாள் புளியும் செங்கல்பொடியும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அழுக்குப் பாத்திரத்தை அடுத்தவர் முன்னால் வைப்பது எப்படி என்பார்கள். தேய்க்காமல் கொண்டுவாருங்கள் என்று நானும் கெஞ்சாத நாள் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மூஞ்சியைக் கழுவாமலா இருப்பார்கள் என்று அண்ணாச்சியே அவர்கள் பக்கம் பேசுவார்.

அதனால்தான் சேரன்மாதேவியிலிருந்து கோமதிநாயகம் என்கிற பெரியவர், கன்னங்கரேல் என்று இரண்டு ஊஞ்சல் சங்கிலிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணிக்குக் கண்ணி கிளி, யானை, குதிரைவீரன். அப்படி ஒரு வார்ப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மீதி இரண்டு எங்கே என்று கேட்டேன்.

"என் பங்குக்கு ரெண்டுதாம்மா வந்துச்சு" என்றார்.

சொத்தைப் பிரித்தபோது அண்ணனும் தம்பியும் யாருக்கும் குறை இருக்கக்கூடாது என்று ஊஞ்சலையும் பிரித்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு சங்கிலி. பலகையை நடுவில் அறுத்துவிடலாம் என்றுகூட யோசனை வந்ததாம். ஆசாரி மாட்டேன் என்றதால் அது தங்கைக்குப் போயிற்று. பதினான்கு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. அண்ணன் இப்போது மகனோடு இருக்க ஒரேயடியாக பம்பாய்க்குப் புறப்படுகிறார். இரண்டு சங்கிலியை வைத்து யாரும் ஊஞ்சல் கட்ட முடியாது, எடைக்குத்தான் போகும், வாங்குகிறவன் உருக்கிவிடுவான் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. தம்பியிடம் தான் கேட்கமாட்டேன் என்றும், வேண்டுமானால் நான் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டுச் சாக்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் போனேன். கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பி ஒரே வீட்டை இரண்டாக்கியிருந்தார்கள். உத்தரத்தில் இருந்த நான்கு கொக்கிகளில் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு. தம்பி சங்கரலிங்கத்தின் பக்கத்தில் அவருடைய சங்கிலிகள் கொக்கியிலேயே சும்மா தொங்கின. தங்கம்போல மின்னின. வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்ப்பாராம். இங்கேயும் புளி என்னை முந்திக்கொண்டது. ஆனாலும் நாலும் சேர்ந்தால் அண்ணனுடைய கறுப்பு இரண்டைக் காட்டி நல்ல விலை கேட்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

சங்கிலியைக் கேட்டதற்குத் தம்பி பிடிகொடுக்கவில்லை. தெருவழியாக அங்கும் இங்குமாக நாலு தடவை நடந்து, இரண்டு வீட்டிலும் மாறிமாறிக் காப்பி குடித்தேன். கடைசியில், சேராவிட்டால் அண்ணனுடையது உருக்கத்தான் போகும் என்றேன்.

"உருக்கவா போறாக?" என்று எழுந்தவர், ஸ்டூலைப் போட்டு ஏறி அவரே சங்கிலிகளைக் கழற்றினார்.

இரண்டு நாளில் கடை வண்டி வரும் என்று அண்ணனுடைய சங்கிலிகளையும் வாங்கித் தம்பி வீட்டிலேயே வைத்தேன். கறுப்பின்மேல் ஒரு விரல்கூடப் படக்கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார்.

வண்டியோடு போய் இறங்கினால் நாலு சங்கிலியும் பளபளக்கின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தியே கேட்டேன்.

"அண்ணன் பங்கு மட்டும் அழுக்காப் போயி நாலு பேரு முன்னால நிக்கலாமாம்மா? பாக்கவன் அவுகளையில்லா ஏசுவான்" என்றார்.

ஏலத்தன்று இது புது வார்ப்பா என்று ஆளாளுக்குச் சந்தேகப்பட்டார்கள். நான் போட்ட கணக்கில் பாதிக்குத்தான் போயிற்று. கேரளத்து விடுதி ஒன்று எடுத்தது. அண்ணாச்சி என்னை முறைத்தார். பெரியவர் விலையைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். புளியும் செங்கல்பொடியும் தின்று விரலெல்லாம் வெடித்திருந்தது.

"என்னலே, கை இப்படிப் புண்ணாக் கெடக்கு?"

பதினான்கு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. தம்பி கையை மடித்து வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். இருவரும் மருந்துக் கடை எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு சேர்ந்தே இறங்கிப் போனார்கள். எனக்கு அண்ணாச்சி முறைத்தது மறந்தே போயிற்று.

பெரியவர் பம்பாய் போய்விட்டார். அடுத்த வருஷம் ஊருக்கு வந்தபோது கடைக்கு ஒரு தபால் கார்டு வந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'அந்தச் சங்கிலியை வாங்கினது எந்த விடுதி என்று சொன்னால், நாங்கள் இருவரும் ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வருவோம்.' வாங்கினவர் பெயரை விற்றவருக்குச் சொல்லக்கூடாது என்பது கடைச் சட்டம். அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் முழு விலாசத்தையும், போகிற பஸ்ஸையும்கூட ஒரு கார்டில் எழுதித் தபால்பெட்டியில் போட்டேன்.

ஏலக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சேரன்மாதேவி வீட்டைச் சுவரோடு இடித்துவிட்டார்கள். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அவர்கள் போனார்களா, உட்கார்ந்தார்களா, ஊஞ்சலை யார் உந்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. போய்விட்டு வந்து பதில் போடுங்கள் என்று நான் அனுப்பிய கார்டில் ஒரு வரி எழுத இடம் இருந்தது. எழுதாமல் விட்டுவிட்டேன்.