அமீன் வாடை

மேற்குத் தாம்பரத்தில் நான் வாடகைக்கு எடுத்த மாடி அறைக்கு ஒரே நிபந்தனை, அசைவம் சமைக்கக் கூடாது. "இங்க சமைக்க மாட்டேன் சார்" என்று கீழ்வீட்டில் இருந்த உரிமையாளரிடம் சொன்னேன். அந்த வார்த்தையை மீறியதும் இல்லை. கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். வீட்டுக்காரர்கள் ஊரைக் கேட்டார்கள், தொழிலைக் கேட்கவில்லை.

தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வகம் காட்டாங்குளத்தூர்ப் பக்கம். ஆள் உயரக் கண்ணாடிக் குழாயில் கீழிருந்து வாயு ஏறும். மேலிருந்து அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த கரைசல் இறங்கும். வழியில் அது கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். சூடாக்கினால் விட்டுவிடும். அதே கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதுதான் இதில் உள்ள கவர்ச்சி.

முதல் வருடம் சிலிண்டரில் வந்த சுத்தமான வாயுவோடு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதன்பின் என் நெறியாளர், நிஜப் புகையில் ஆக்சிஜனும் இருக்கும், அதையும் கலந்து ஓட்டு என்றார். சில வாரங்களில் கரைசல் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. கூடவே ஒரு வாடை. எனக்கு அது பழகிவிட்டது. மின்சார ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகும்போதுதான் நினைவு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனபோது அம்மா என் சுடிதாரை முகர்ந்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாடி இது, நம்ம கடல்ல இல்லாத மீனா கீது!"

கீழ்வீட்டு உரிமையாளரின் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சாயங்காலம் மாடிக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஒரு மாசமா மாடியில இருந்து மீன் வாசனை வருது. சமைக்கிறியா?"

"இல்ல ஆன்ட்டி. லேப்ல ஒரு கெமிக்கல். துணியில ஒட்டிக்குது."

"இத்தனை நாள் வரலையே?"

"முன்னாடி இவ்வளவு வாடை இல்ல ஆன்ட்டி. இப்பதான் கரைசல் கெட்டுப்போகுது."

வாளியில் ஊறப்போட இருந்த லேப் கோட்டை எடுத்துக் காட்டினேன். முகர்ந்ததும் அவர் முகம் தெளிந்தது. "அப்பாடா! அவர்கிட்ட அப்பவே சொன்னேன். உன்னைப் பார்த்தா அந்த மாதிரி ஆளுங்களாத் தெரியலன்னு."

அத்தோடு விட்டிருக்கலாம். என் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது, அறை தப்பிவிட்டது. ஆனால் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அம்மாவை யாரோ என் எதிரிலேயே தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

"ஆன்ட்டி, எங்க அம்மா மீன் விக்கிறாங்க" என்றேன்.

அவர் படிப் பக்கம் திரும்பினார். "நீ நல்லாப் படிக்கிற பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாளும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். மாதக் கடைசியில் அவர் கணவர் வாசல் கேட் அருகே என்னை நிறுத்தி, பையன் குடும்பத்தோடு வரப்போகிறான், மாடி வேண்டும் என்றார். அன்றே வேறு அறை தேடத் தொடங்கினேன்.

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்த சீனியர் அக்காவின் வீடு குரோம்பேட்டையில். அவர் அத்தா என்று கூப்பிடும் அப்பா பல்லாவரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். "அத்தாகிட்ட பேசிட்டேன். மாடி போர்ஷன் உனக்குத்தான்" என்றார் அக்கா. "ஆனா அந்தக் கோட்டை மட்டும் லேப்லயே துவைச்சுட்டு வா, தாயே!"

வீடு மாறிய அலைச்சலிலும், அன்று வாசலில் நான் சொன்ன பதில் மனதைவிட்டுப் போகவில்லை. கரைசல் கெட்டுப்போகிறது என்று கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். ஆனால் என் அறிக்கைகளில் எவ்வளவு வாயுவைப் பிடித்தது என்பது மட்டும்தான் இருந்தது. வாடையைத் தொந்தரவு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். நெறியாளரிடம் சொன்னேன்.

"எவ்வளவு பிடிக்குதுன்னு எல்லாரும்தான் எழுதறாங்க" என்றார். "எவ்வளவு காலம் உழைக்கும்னு நீ எழுதேன்."

ஆய்வு திசை மாறியது. கரைசல் எப்போது, எதனால், என்னவாகச் சிதைகிறது என்று பார்ப்பதிலேயே கூடுதலாக இரண்டு வருடம் போயிற்று. கடைசியில் கிடைத்த கலவை முன்னதைவிடக் கொஞ்சம் குறைவாகவே பிடித்தது; ஆனால் சீக்கிரம் கெடவில்லை. இதை எந்தத் தொழிற்சாலையாவது வாங்குமா என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். இப்போதைக்கு வாங்காது, சூடாக்கும் செலவு இன்னும் அதிகம் என்று உள்ளதைச் சொன்னேன். தேர்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் போதுமானதாக இருந்தது.