டயாலிசிஸ் நாளுக்கு ஆல்பம் கேட்ட தங்கப்பாண்டி அண்ணன்

தங்கப்பாண்டி அண்ணன் இறந்துவிட்டார்.

நேற்று காலை டேனியல் போன் செய்து சொன்னார். மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு டயாலிசிஸுக்காக ஆட்டோவில் போகிற வழியிலேயே... ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் க்ரூப்பைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இன்னமும் காசு கொடுத்து ஆல்பம் வாங்குகிற பத்துப் பன்னிரண்டு பைத்தியங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் டேனியல்தான் அட்மின். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு பேக்கரியில் கூடுவோம். புதிதாக வாங்கிய ரெக்கார்டு, சிடி எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, இதைக் கேள், அதைக் கேள் என்று சண்டை போடுவோம்.

அண்ணன் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரில் தென்னந்தோப்பு. வடக்கே வேலை பார்த்தபோது ஷெனாய், கிளாரினெட் என்று கேட்டுப் பழகியவர்.

அவருடைய கொரியர் பார்சல் எல்லாம் டேனியல் கடைக்குத்தான் வரும். அங்கிருந்து ரெக்கார்டை உரச்சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்.

"என்னண்ணே, சாக்குல?"

"பார்சல்னா உங்க மதினி கேள்வி கேப்பா தாயி. உரம்னா கேக்க மாட்டா."

மதினிக்கு முதல் நாளே தெரியும். பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார், "உரத்த யாராச்சும் கட்டிலுக்கு அடியில வைப்பாவளா? போட்டும்னு விட்டுட்டேன்."

க்ரூப்பில் நான் ஒருத்திதான் மெட்டல் கேட்கிறவள். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அண்ணன் மட்டும் என் சிடியை வாங்கிக்கொண்டு போய் முழுசாகக் கேட்டுவிட்டு வந்தார்.

"மொதப் பாட்டுல யார்கூடயோ சண்ட போடுறாவ. அஞ்சாவது பாட்டுல சமாதானம் ஆயிட்டாவ. நல்லாத்தான் இருக்கு."

அந்த ஆல்பத்துக்கு இதைவிட நல்ல ரிவ்யூ நான் படித்ததில்லை.

அப்புறம்தான் கிட்னி பிரச்சினை...

மதினி தன்னுடையதைக் கொடுக்கத் தயாராக இருந்தார். சுகர் இருப்பதால் முடியாது என்றார்கள். மகள் கொடுக்கிறேன் என்றாள். அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அவ இனிமேத்தான் புள்ள பெக்கணும். இந்தப் பேச்ச விடுங்க."

வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். முதல் தடவை போகிறபோது க்ரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "நாலு மணி நேரம் படுத்தே கெடக்கணுமாம். ஒரு கைய அசைக்கப்படாதாம். எதாச்சும் ஆல்பம் சொல்லுங்கப்பா."

எல்லோரும் சொன்னோம். சொல்வதைத் தவிர வேறு என்ன தெரியும் எங்களுக்கு? அன்றிலிருந்து ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் காலையில் கேட்பார். நாங்களும் போட்டி போட்டுக்கொண்டு அனுப்புவோம்.

ஒருமுறை நான் நீளமான பியானோ ஆல்பம் ஒன்றைச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் போன். "நர்ஸ் புள்ள இயர்போன ஒரு காதுல வாங்கிக் கேட்டா தாயி. செத்த நேரம் நின்னா. பொறவு அடுத்த கட்டில்ல கூப்பிட்டாவ, போயிட்டா."

போன மாதம் பேக்கரிக்கு வந்திருந்தார். மெலிந்து, முகமெல்லாம் கறுத்து... புதிதாக வாங்கிய ஒரு வயலின் ரெக்கார்டை எடுத்துக் காட்டினார். டீ வந்தது. தண்ணீர், டீ எல்லாம் அளவாகத்தான் குடிக்க வேண்டும் அவர். கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"வாசனைக்குத்தான் வாங்கினேன். நீ குடி."

குடித்தேன். வேறு என்ன செய்ய...

நேற்றும் காலையில் கேட்டிருந்தார். "இன்னிக்கு எது?" நாலைந்து பேர் ஆளுக்கு ஒரு ஆல்பம் சொன்னோம். நானும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தம்ஸ் அப் போட்டார்.

மதியம் டேனியலும் நானும் மம்சாபுரம் போனோம். அண்ணனை நடு வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாதி வழியில எந்தோள்ல சாஞ்சாவ தாயி. பாட்டு கேட்டுக்கிட்டே தூங்குறாவன்னு நானும் அசையாம உக்காந்திருந்தேன்... எறக்கும்போதும் காதுல ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அத எப்படி நிறுத்தணும்னு எனக்குத் தெரியல."

அண்ணனுடைய போனை எடுத்து என்னிடம் கொடுத்தார். "என்ன பாட்டுன்னு பாத்துச் சொல்லு."

சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. பக்கத்து வீட்டில் சார்ஜர் வாங்கிப் போட்டோம். ஆன் ஆனதும் பின் நம்பர் கேட்டது. மதினிக்குத் தெரியாது. மகள் தனக்குத் தோன்றியதையெல்லாம் போட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை.

டேனியல் தினமும் யாராவது ஒருவருக்கு லாக் எடுத்துக் கொடுக்கிறவர். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள இருக்கது எல்லாத்தையும் அழிச்சாத்தான் தொறக்க முடியும் மதினி."

"அழிக்க வேண்டாம்."

போனைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மதினி என்னைப் பார்த்துக் கேட்டார், "நீ எதச் சொல்லியிருந்த?"

பேரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் ஒரு தடவை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"அதுவா இருக்குமோ?"

"தெரியல மதினி."

எது ஓடிக்கொண்டிருந்ததோ... அது உங்களுக்குப் பிடித்திருக்கட்டும் அண்ணே.