கிண்ணத்தில் மூன்று கிளை

மகளின் பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய முறையில் பூ அடுக்கப் பழக்குகிறார்கள். பார்க்கப் போயிருந்தேன். தட்டையான கிண்ணத்தில் மூன்றே கிளை. மிச்சப் பூவெல்லாம் தரையில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரை ஊரான கல்லடியை விட்டு ஓடி நாங்கள் தங்கிய முகாமிலும் இதே வகுப்பு நடந்தது. எனக்கு ஒன்பது வயது. நிறைகுடம் வைப்பதுபோல் கிண்ணம் முட்டச் செவ்வரத்தம்பூ அடைத்தேன். வெளிநாட்டு ரீச்சர் சிரித்தபடியே ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். மொழிபெயர்க்க வந்த அக்கா சொன்னார்: “வெறுமையா இருக்கிற இடம்தான் வடிவாம்.”

தங்கச்சியைக் கடல் கொண்டுபோய் இருபது நாள்கூட ஆகவில்லை. பின்னால் இருந்த அம்மா எழும்பி வந்து கிண்ணத்தைப் பிடுங்கி, அந்த அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

“வெறுமையை எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்ல எண்டு சொல்லு பிள்ள.”

இப்போது மகளின் வகுப்பறைத் தரையில் கிடந்த பூக்களை அள்ளி அவளிடம் நீட்டினேன்.

“எல்லாத்தையும் வை.”