வெள்ளை சாத்திக்கு யார் வீட்டுப் பூ

எதிர்வீட்டு மதினி எனக்கு உறவில்லை. பெருமாள்புரத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து 'மைனி' என்றுதான் கூப்பிட்டேன். நல்ல மனுஷி. அதுதான் என் எரிச்சலே. அவள் வீட்டு மதிலோரம் நந்தியாவட்டை வரிசையாக நின்று வெள்ளை வெளேரென்று பூக்கும். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே, "அந்த வீட்டப் பாக்கையில கண்ணு குளுந்து போகுது," என்பார். எனக்கு வயிறு எரியும்.

மார்கழியில் இன்னும் மோசம். தெருக்கோடிச் சிவன் கோயிலில் திருவாதிரைத் திருவிழாவில் ஒருநாள் நடராசருக்கு வெள்ளை சாத்தி. உடுத்துவது, சூடுவது எல்லாம் அன்று வெள்ளைதான். பூக் கொடுத்த வீட்டாரின் பெயரைக் குருக்கள் சங்கல்பத்தில் சொல்வார். வருஷா வருஷம் மதினி வீட்டுப் பெயர்தான். ஒரு தடவையாவது அங்கே என் வீட்டுப் பெயர் கேட்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை. நான் பள்ளிக்கூட டீச்சர். பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கம் ஸ்கேல் வைத்து மதிலோரத்துக்குப் பாத்தி வரைந்தேன். பின்வரிசையில் இருவாட்சி, நடுவில் குண்டுமல்லி, முன்னால் வெள்ளை லில்லி. ஆற்றங்கரை வண்டல் ஒரு வண்டி அடித்தேன். மதினி வந்து தாளை வாங்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இங்கன ரெண்டு நந்தியாவட்டை வையேன். கம்பு ஒடிச்சுத் தாரேன், பைய வந்துரும்."

"வேண்டாம் மைனி, அது எல்லா வீட்லயும் கெடக்கு," என்றேன். அவளைப் பார்த்து வைத்தேன் என்று தெருவில் பேசவா?

மொட்டோடு வாங்கிய செடிகள், ஆடிக்குள் பூத்துக் கொட்டின. வேண்டுமென்றே மதினிக்கு ஒரு கிண்ணம் மல்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் சந்தோஷமாகத் தொடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு பொறாமை கிடையாது அந்த முகத்தில்.

மார்கழி வந்தது. லில்லி ஐப்பசி மழையோடு முடிந்திருந்தது. இருவாட்சியிலும் மல்லியிலும் இலையைத் தவிர ஒன்றுமில்லை. பனிக்காலத்தில் மல்லி பூக்காது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத்தான் அது மறந்துபோயிற்று.

வெள்ளை சாத்தி அன்று விடிந்ததும் மதினி ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

"நான் வீட்டுக்குத் தூரம், செடியத் தொடக்கூடாது. நீயே பறிச்சுக் கோயில்ல குடுத்துருதியா?"

இரண்டு கூடை பறித்தேன். குருக்கள் அந்த வருஷம்தான் புதிதாக வந்தவர். "யார் வீட்டுப் புஷ்பம்மா? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார். என் வீட்டுக்காரர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். நாக்குக் கூசவே இல்லை. சந்நிதியில் எங்கள் பெயரைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

கூடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மதினி பின்கட்டில் தனிப்பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"பறிச்சவ நீ. ஒங்க வீட்டுப் பேரையே சொல்லிருக்கலாம்லா," என்றாள்.

"ஒங்க வீட்டுப் பேருதான் மைனி சொன்னேன்."

"அப்பிடியா," என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவள் முகம் அப்படி நிறைந்துபோயிற்று. கோயிலில் நின்று என் காதாலேயே பெயரைக் கேட்டுவிட்டு வந்த எனக்கு அந்த நிறைவு வரவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.