பூட்டுப் பின்னுக்கு வராத பதில்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் நம்பாதவள். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நடந்தது பட்டப்பகலில், நான்கு மணிகூட ஆகவில்லை, இடுப்பில் குழந்தை வேறு இருந்தது.

என் கணவர் லாரி டிரைவர். சாதாரண லாரி இல்லை, என்ஜின் உள்ள தலைவண்டி தனி, சரக்கு ஏற்றிய டிரெய்லர் தனி. மெட்ராஸிலிருந்து இயந்திரச் சாமான்களோடு வரும் டிரெய்லரைத் திண்டிவனம் ஷெட்டில் கழற்றி விட்டுப் போவார்கள், இவர் தலைவண்டியைக் கொண்டுபோய் மாட்டி விழுப்புரத்துக்கு இழுத்து வருவார். மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் நோட்டைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்து ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும். பிரேக் குழாய், விளக்கு ஒயர், டிரெய்லரைத் தாங்கி நிற்கும் முட்டுக்கால், பின்பக்கச் சிவப்பு விளக்கு, டிரெய்லரின் நம்பர் பலகை, கடைசியாகப் பூட்டுப் பின். தலையையும் டிரெய்லரையும் பிடித்திருக்கும் கொக்கி தானாகத் திறந்துகொள்ளாமல் தடுப்பது விரல் நீளமுள்ள அந்தப் பின்தான். டிரெய்லரில் ஓர் ஆள் உட்கார்ந்து வர வேண்டும் என்பது சட்டம். அந்த ஆள் அந்தோணி, விழுப்புரத்தை அடுத்த காணை ஊர்க்காரர். இவரை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார்.

என் மகனுக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒருநாள் காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. விழுப்புரம் ஆபீசுக்கு ஓடி, திண்டிவனத்துக்குப் போன் போட்டு, உடனே வரச் சொல்லுங்கள் என்று அழுதேன். அங்கே இவர் நோட்டில் கடைசி வரியைப் படித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நேரம். செய்தி வந்ததும், “அதெல்லாம் இருக்கும், ஜல்தி ஏறுடா” என்று வண்டியை எடுத்துவிட்டார். வழியில் ஒரு மேட்டில் டிரெய்லர் கழன்று பின்னால் உருண்டு கவிழ்ந்தது. அந்தோணி அதன் அடியில்.

குழந்தைக்கு வந்தது பல் முளைக்கிற ஜுரம், மறுநாளே விட்டுவிட்டது.

பின் உடைந்திருக்கலாம் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். உண்மை இவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அந்தோணியின் மனைவி ரோசம்மாவையும் அவர்கள் பெண் மேரியையும் பார்க்க எனக்குக் கால் எழவில்லை, அடக்கத்துக்குக்கூடக் குழந்தையைக் காரணம் சொல்லி நின்றுவிட்டேன். போன் போடாமல் இருந்திருக்கலாமே என்று நினைப்பேன், நிஜமாகவே ஜன்னி கண்டிருந்தால் என்றும் நினைப்பேன், இரண்டுக்கும் நடுவில் தூக்கம் போய்விடும்.

மூன்று மாதம் கழித்து, திண்டிவனத்தில் இருக்கும் அம்மா வீட்டிலிருந்து ஊர் திரும்ப, இவர் வண்டியிலேயே போய்விடலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். புதிய ஆள் இன்னும் வந்து சேரவில்லை.

“நீதான் படிச்சவளாச்சே, இந்த நோட்டைப் படி கமலா, நான் பின்னாடி பாத்துக்கினு வர்றேன்” என்றார்.

டிரைவர் கதவோரம் நின்று படித்தேன். டிரெய்லர் உயரத்தில் அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

“பிரேக் குழாய்.”

“ஆச்சு.”

“விளக்கு ஒயர்.”

“ஆச்சு.”

ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் வந்தது. இவருக்கு இவ்வளவு பொறுமை எப்போது வந்தது என்றுகூட நினைத்தேன். பூட்டுப் பின் என்றேன், பதில் இல்லை. மறுபடி சொன்னேன். மூன்றாம் தரம் கத்தியே சொன்னேன். குழந்தை அழ ஆரம்பித்தது.

அப்போது ஆபீஸ் வாசலிலிருந்து இவர் காகிதங்களோடு வந்துகொண்டிருந்தார்.

“யார்கிட்ட கத்திக்கினு இருக்கே? நீ ஆரம்பிக்கறதுக்குள்ள கிளார்க் கூப்ட்டாரு, நான் போயிட்டேனே.”

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. பூட்டுப் பின் மட்டும் மாட்டப்படாமல் தன் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. இவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தோணி பாக்காம சொல்ல மாட்டான் கமலா. அவன் எப்பவும் பாக்காம சொல்ல மாட்டான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகக் காணைக்குப் போனேன். போன் போட்டது நான்தான் என்று சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ரோசம்மா முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“இப்பதான் காணைக்கு வழி தெரிஞ்சிச்சா அண்ணி?” என்றாள். கை நிற்கவில்லை.

மனப்பாடம் செய்தது வாயில் வரவில்லை. திண்டிவனத்தில் நடந்ததைத்தான் சொன்னேன். சிரிப்பாள், திட்டுவாள் என்று பயந்தேன். அவள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

“என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலியா அண்ணி?”

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “கேட்டாரு ரோசம்மா. மேரி மருந்தை முழுங்கினாளா, துப்பிட்டாளான்னு கேட்டாரு.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்குக் காலையில பொண்ணுக்கு நெருப்பா சுட்டுது அண்ணி. வேலைக்குப் போவாதன்னு சொன்னேன். அண்ணன் தனியா கஷ்டப்படுவாருன்னு மேரி அப்பா கெளம்பிடுச்சு. வாசல்ல செருப்பு போட்டுக்கினு இதையேதான் கேட்டுச்சு. நான் பதில் சொல்றதுக்குள்ள பஸ் வந்துடுச்சு. இத நான் யார்கிட்டயும் சொல்லலியே.”

பிறகு காற்றைப் பார்த்துச் சொல்வதுபோல், “முழுங்கிட்டா” என்றாள்.

போன் விஷயத்தை அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அவளுக்காக நான் இட்டுக்கட்டினேன், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். என் மகனுக்கு இப்போது நாலு வயது. அவனுக்கு மருந்து கொடுத்துவிட்டு நிமிரும்போது, முழுங்கினானா என்று பின்னாலிருந்து இவர் கேட்டால், திரும்பி, கேட்டது இவர்தானா என்று முகத்தைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.