ஜன்னலோரத் தொட்டியின் நண்டுகள்

நண்டு வளைக்குள் ஓடிய நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். மறுபடி எட்டிப் பார்க்கும்போது நிறுத்துவேன். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எனக்கு அதுதான் பிழைப்பு. தேங்காய்த்திட்டுக் கழிமுகச் சேற்றில் பிடித்து வந்த, கட்டைவிரல் நகமளவு நண்டுகள். தொட்டிக்கு மேலே ஓர் அட்டையை நகர்த்தினால், பறவையின் நிழலென்று பயந்து ஒளிந்துகொள்ளும். தினமும் நகர்த்திக்கொண்டே இருந்தால் ஒளியும் நேரம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் அட்டையைச் சட்டையே செய்யாது. அந்தக் குறைவை அளப்பதுதான் என் ஆய்வு. இத்தனூண்டு பிராணி ‘இது வெறும் நிழல்தான்’ என்று தானே ஒரு முடிவுக்கு வந்ததை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஐந்து தொட்டிகளில் நான்கில் நேரம் ஒழுங்காகக் குறைந்தது. ஜன்னலோரத் தொட்டியில் மட்டும் முதல் நாள் ஒளிந்த அதே நேரம், கடைசி நாளும். என் உதவித்தொகை முடிய இரண்டே மாதம். காரணம் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும் என்று என் ஆய்வு வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார்.

எங்கள் ஆய்வகத்து அட்டெண்டர் அண்ணன், பஞ்சாலை மூடியபின் தினக்கூலிக்கு வந்தவர். தறிச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டதால் ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கும்படிதான் சொல்வார் என்று நாங்கள் கேலி செய்வோம். அன்று மேடத்தின் முன்னால் வந்து நின்றவர் கிசுகிசுப்பாகத்தான் பேசினார்.

“அந்தத் தொட்டில தெனம் கை வுட்டது நான்தான் மேடம். வெயில் பட்டு பாசி கட்டுது, சாயங்காலம் ஆனா கண்ணாடியத் தொடைப்பேன். மிசினத் தொடைக்காம ஷிப்டு வுட்டு வந்ததில்ல, அந்தப் பழக்கம். இந்தப் பொண்ணு மேல தப்பில்ல.”

தொட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னார். மேடமோ, புது நண்டுகளை வைத்து இரண்டு தொட்டிகளை மட்டும் அவரையே அதேபோலத் துடைக்கச் சொன்னார். துடைத்த இரண்டிலும் பயம் இம்மியும் குறையவில்லை, துடைக்காதவற்றில் குறைந்தது. நிழலுக்குப் பின்னால் கை வரும் இடம் எது, வராத இடம் எது என்று அந்த நண்டுகள் கணக்காகத் தெரிந்துவைத்திருந்தன. என் ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் அதுதான்.

அண்ணன் இப்போது சாரம் பகுதியில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் போகும்போதெல்லாம், உன் வேலையைக் கெடுத்தவன்தானே நான் என்று உரக்கச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவர் மேடத்திடம் வந்து சொன்ன அன்று காலையிலேயே, ஜன்னலோரத் தொட்டியின் எண்களை மற்ற தொட்டிகளைப் போலக் குறைத்துப் புதுத் தாளில் எழுதி முடித்திருந்தேன். அவர் பேசிக்கொண்டிருந்தபோது அந்தத் தாள் என் கையில்தான் இருந்தது. இன்றுவரை அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.