மச்சினனுக்கு மட்டும் கொய்யா இலை

என் மனைவி தன் தம்பிக்காகக் கொய்யா இலை பறித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. சேஃப்டி ஷூவைக் காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவேன். கல்யாணமான நாளிலிருந்து, நான் வீட்டுக்கு வந்ததும் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "ஷூவ வெளியவே உடு." ஒரு நாளாவது எனக்காக ஒரு இலையைக் கொதிக்க வைத்திருப்பாளா?

மச்சினன் பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியில் சேர்ந்து, எங்கள் வீட்டில் தங்க வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அவனுக்கு என்ன ராஜ உபசாரம்! கொய்யா இலையும் வேப்பிலையும் கை நிறையப் போட்டு, தண்ணீர் பழுப்பாகும்வரை கொதிக்கவிட்டு, வடிகட்டி, கல்லுப்பு கரைத்து, சூடு பொறுக்குமா என்று விரல் விட்டுப் பார்த்து டப்பில் ஊற்றுவாள். துரை காலை நனைத்துக்கொண்டு போன் பார்ப்பார். அதோடு விட்டாளா? காய்ந்த வெட்டிவேரையும் பூலாங்கிழங்கையும் இடித்து, பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, அவன் ஷூவுக்குள் திணிப்பாள். என் ஷூ பக்கத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

"இன்னாத்துக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டேவிட்டேன்.

"ஞாயித்துக்கெயம ஊத்துக்கோட்டைல பொண்ணு பாக்கப் போறோம்ல? இவன் வாசல்ல ஷூவக் கயட்டுனா பொண்ணு ஓடிப்பூடும்."

நியாயம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. சனிக்கிழமை அவன் டப்பிலிருந்து காலை எடுத்துக் குளிக்கப் போனதும், டப்பில் மிச்சமிருந்த தண்ணீரில் திருட்டுத்தனமாக என் காலை விட்டேன். சுகமாக இருந்தது. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது. அந்த நேரம் பார்த்து அவள் வந்துவிட்டாள்.

"இத்தினி வருசத்துல எனுக்கு ஒரு நாளாவது செஞ்சியா? தம்பின்னா மட்டும் உசுரா?" என்று கத்தினேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அவன் காலு நாறுனா எவளும் கட்டிக்க மாட்டாளேன்னு செய்றேன். நீ என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப இன்னா லட்சணம்? ஷூவக் கயட்டுனதும் எங்கம்மா ஜன்னலத் தொறந்துட்டாங்க. அப்பவும் உன்னத்தான் கட்டிக்குவேன்னு ஒத்தக் கால்ல நின்னவ நானு."